ஆலை மூடிய பின்னும் நடக்கும் வியாபாரம்: பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்கள்

ஒரு பொருளைச் செய்யும் ஆலை மூடப்பட்டுவிட்டால், அதை நம்பியிருந்த உதிரி பாகக் கடைக்காரர் என்ன செய்வார்? இருப்பில் உள்ளதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு வேறு சரக்குக்கு மாறிக்கொள்வார். நம்மில் பலரும் அப்படிச் செய்தவர்கள்தான். ஆனால் இதற்கு நேர்மாறாக நடந்து வரும் ஒரு வியாபாரம் உண்டு. டிரையம்ப், பி.எஸ்.ஏ., நார்ட்டன், ஏ.ஜே.எஸ்., மேச்லெஸ், வெலோசெட், வின்சென்ட் ஆகிய பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களைச் செய்த ஆலைகள் மூடி நாற்பது முதல் எழுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆயினும் அவற்றுக்கு வேண்டிய பிஸ்டனும் வால்வும் கார்புரேட்டரும் கேபிளும் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன.

இந்த வியாபாரம் எப்படிப் பிழைத்தது, சரக்கு எப்படித் தேடப்படுகிறது, கடைக்காரர் எந்த இடத்தில் தவறுகிறார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். மோட்டார் உதிரி பாகம் விற்போருக்கு இது நேரடியாகப் பயன்படும். மற்ற தொழில்களில் உள்ள வணிகப் பெருமக்களுக்கும் தேங்கிய சரக்கைப் பற்றி இதில் ஒரு பாடம் இருக்கிறது.

ஆலைகள் மூடின, கடைகள் மூடவில்லை

முதலில் சற்று வரலாறு. வின்சென்ட் 1955ல் மோட்டார் சைக்கிள் செய்வதை நிறுத்தியது. ஏ.ஜே.எஸ்., மேச்லெஸ் வண்டிகளைச் செய்த கம்பெனி 1966ல் நொடித்தது. ரெடிச் நகரில் இருந்த ராயல் என்பீல்டு ஆலை 1967ல் மூடியது. வெலோசெட் 1971ல் நின்றது. பர்மிங்காமின் பெருமையாக இருந்த பி.எஸ்.ஏ., 1973ல் நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் என்ற புதிய அமைப்பில் கரைந்துபோனது. கடைசி நார்ட்டன் கமாண்டோ 1977ல் வெளிவந்தது. மெரிடன் ஊரிலிருந்த டிரையம்ப் ஆலையை மூடப்போவதாக 1973ல் அறிவித்தபோது தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி அமர்ந்தார்கள். பிறகு 1975 முதல் கூட்டுறவாக நடத்திப் பார்த்தார்கள். 1983ல் அதுவும் மூடியது.

ஆலை மூடும்போது மூன்று சொத்துகள் வெளியே வருகின்றன. ஒன்று கிடங்கில் இருக்கும் பாகங்கள். இரண்டு அவற்றைச் செய்யும் அச்சுகளும் வரைபடங்களும். மூன்று எந்த எண் எந்த வண்டிக்கு என்ற விவரம். பலர் முதல் சொத்தை மட்டும் எடை போட்டு வாங்கினார்கள். பிழைத்தவர்கள் மற்ற இரண்டையும் சேர்த்து வாங்கியவர்கள்.

நார்ட்டனின் உதிரி பாகத் தொழிலை ஏற்ற ஆண்டோவர் நார்ட்டன் கம்பெனி, மூல வரைபடங்களை வைத்துக்கொண்டு கமாண்டோ பாகங்களைப் புதிதாகச் செய்வித்து விற்கிறது. வின்சென்ட் வண்டிக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். அவர்களுடைய சங்கத்து உறுப்பினர்களே பங்கு போட்டு 1970களில் ஓர் உதிரி பாகக் கம்பெனி தொடங்கினார்கள். உலகில் மிச்சமிருப்பது சில ஆயிரம் வண்டிகள்தான் என்றாலும், வாங்குபவரே பங்குதாரர் என்பதால் அந்தக் கம்பெனி நிலைத்து நிற்கிறது.

இன்னும் வியப்பானது டிரையம்ப் கதை. ஆலை மூடியபோது பெயரை வாங்கிய ஜான் புளூர், பழைய போனவில் வண்டியைச் செய்யும் உரிமத்தை டெவன் பகுதியில் நியூட்டன் அபட் ஊரிலிருந்த லெஸ் ஹாரிஸ் என்பவருக்குக் கொடுத்தார். ஹாரிஸ் அதுவரை உதிரி பாகம் செய்து விற்றவர். 1985 முதல் 1988 வரை அவர் முழு வண்டியையே செய்து விற்றார். ஆலையை நம்பிக் கடை இருப்பது வழக்கம். இங்கே உதிரி பாக வியாபாரி வண்டியையே சில ஆண்டுகள் காப்பாற்றிக் கொடுத்தார்.

சரக்கின் நான்கு வகை

இந்தச் சந்தையில் ஒரே பாகம் நான்கு வகையாக வருகிறது. விலை வேறு, ஆயுள் வேறு. விற்பவர் எந்த வகை என்று சொல்லி விற்பதே இதில் நாணயம்.

முதல் வகை, ஆலை இயங்கிய காலத்திலேயே செய்து, விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய புதுச் சரக்கு. இதற்கு மதிப்பு அதிகம். 1960களில் டிரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனதால், அங்குள்ள பழைய டீலர் கிடங்குகளிலிருந்து இத்தகைய சரக்கு நிறைய வெளிவந்தது.

இரண்டாம் வகை, மூல வரைபடத்தின்படி உரிமத்துடன் இன்று செய்யப்படுவது. ஆமல் கார்புரேட்டர் இதற்கு நல்ல உதாரணம். பிரிட்டிஷ் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருந்தது ஆமல்தான். 2003 முதல் சாலிஸ்பரி நகரின் பர்லன் கம்பெனி அதைச் செய்து வருகிறது.

மூன்றாம் வகை, மாதிரியைப் பார்த்து வேறு பட்டறைகளில் செய்யப்படுவது. பிரிட்டனிலும் செய்கிறார்கள், தைவானிலும் நம் இந்தியாவிலும் செய்து அனுப்புகிறார்கள். சைலன்சர், மட்கார்டு, பெட்ரோல் டாங்க் முதலியவை இப்படி ஏராளமாகப் போகின்றன. இவற்றில் தரமானதும் உண்டு, துளை பொருந்தாததும் குரோம் பூச்சு மெலிந்ததும் உண்டு. வாங்கும் வியாபாரி ஒரு பாகத்தை வண்டியில் மாட்டிப் பார்த்த பிறகே நூறு பாகத்துக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும்.

நான்காம் வகை, கழற்றிய பழைய பாகம். ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள பியூலி என்ற இடத்தில் 1967 முதல் ஆண்டுதோறும் பழைய வண்டிப் பாகங்களுக்கென்று பெரிய சந்தை கூடுகிறது. நம் ஊர் மாட்டுச் சந்தை போல ஆயிரக்கணக்கில் கடை விரிப்பார்கள். துருப்பிடித்த பெட்டிக்குள் அரிய கியர் கிடைப்பதும் உண்டு, விரிசலை மறைத்துப் பெயின்ட் அடித்த எஞ்சின் கூடு கிடைப்பதும் உண்டு. அங்கே வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது கடினம்.

பெயரைக் கேட்டு விற்காதீர், எண்ணைக் கேட்டு விற்பீர்

வாடிக்கையாளர் "டிரையம்ப் 650க்கு பிஸ்டன் வேண்டும்" என்றால் அது கேள்வியே அல்ல. எந்த ஆண்டு, எந்த மாடல், சிலிண்டர் எத்தனை தௌ கூட்டிக் கடையப்பட்டது என்று தெரிந்தால்தான் பிஸ்டன் கொடுக்க முடியும். (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) வண்டிக்காரர் சொல்லும் ஆண்டையும் நம்பக்கூடாது. வண்டி முதன்முதலாகப் பதிவான ஆண்டைத்தான் அவர் சொல்வார். செய்த ஆண்டு அதற்கு முன்னதாக இருக்கலாம். இடையில் எஞ்சினே மாறியிருக்கலாம். எனவே எஞ்சின் எண்ணையும் பிரேம் எண்ணையும் எழுதி வாங்க வேண்டும்.

டிரையம்ப், பி.எஸ்.ஏ. வண்டிகளில் 1969 மாடல் முதல் எண்ணுக்கு முன்னால் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து மாதம், இரண்டாவது ஆண்டு. சி என்றால் 1969, டி என்றால் 1970, ஈ என்றால் 1971, ஜி என்றால் 1972, எச் என்றால் 1973. பி, டி என்று இரண்டு எழுத்தும் சேர்ந்து வந்தால் அது 1970 மாடலில் பிப்ரவரி மாதத்து வண்டி.

பாக எண்ணிலும் விஷயம் இருக்கிறது. பழைய டிரையம்ப் பட்டியலில் எஞ்சின் பாகங்கள் ஈ என்ற எழுத்திலும், கியர் பெட்டிப் பாகங்கள் டி என்ற எழுத்திலும், முன் போர்க் பாகங்கள் எச் என்ற எழுத்திலும், சக்கரப் பாகங்கள் டபிள்யூ என்ற எழுத்திலும் தொடங்கும். பின்னாளில் இவை முறையே 70, 57, 97, 37 என்ற இலக்கங்களாக மாற்றப்பட்டன. பின்னால் வரும் எண் பெரும்பாலும் மாறவில்லை. இது தெரியாத கடைக்காரர், கேட்ட பாகம் பெட்டிக்குள்ளேயே இருந்தும் "இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுவார். பி.எஸ்.ஏ.வில் 67 என்று தொடங்கினால் ஏ7, ஏ10 இரட்டைச் சிலிண்டர் வண்டிகளுக்கானது. 68 என்றால் பிற்கால ஏ50, ஏ65 வண்டிகளுக்கானது.

ஆமல் கார்புரேட்டரிலும் அப்படியே. 1955ல் வந்த மோனோபிளாக் வகையின் உடலில் 376 அல்லது 389 என்று பொறித்து, சாய்கோடிட்டு இன்னொரு எண் இருக்கும். அந்த இரண்டாவது எண்தான் எந்த வண்டிக்கு அமைக்கப்பட்டது என்பதைச் சொல்லும். துவாரம் ஒன்றாக இருந்தாலும் ஜெட்டும் சிலைடும் வேறுபடும். வெளித்தோற்றத்தைப் பார்த்து மாற்றிக் கொடுத்தால் வண்டி கிளம்பும், ஆனால் ஓட்டம் கெடும். வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

பெயர் ஒன்று, வண்டி வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைய டிரையம்ப் கம்பெனி ஹிங்க்லி ஊரில் புதிதாகத் தொடங்கப்பட்டது. பி.எஸ்.ஏ. பெயர் 2016ல் மகிந்திரா குழுமத்தின் கைக்கு வந்து, 2021ல் புதிய கோல்டு ஸ்டார் வண்டி வெளியிடப்பட்டது. நார்ட்டனை 2020ல் நம் டி.வி.எஸ். மோட்டார் கம்பெனி வாங்கியது. பழைய டிரையம்ப் போனவில்லுக்கும் பழைய கோல்டு ஸ்டாருக்கும் அதே பெயருள்ள புது வண்டியின் பாகம் பொருந்தாது.

மரையில்தான் ஆபத்து

இந்த வியாபாரத்தில் மிகச் சிறிய சரக்கான நட்டு போல்ட்தான் மிகப் பெரிய தொல்லை தருவது. பழைய பிரிட்டிஷ் வண்டி ஒன்றிலேயே நான்கைந்து வகை மரைகள் இருக்கும். ஜோசப் விட்வொர்த் 1841ல் வகுத்த பருமரை ஒன்று. அதே 55 பாகைக் கோணத்தில் அமைந்த நுண்மரை இன்னொன்று. 60 பாகைக் கோணத்தில், பெரும்பாலும் அங்குலத்துக்கு 26 வரிகள் கொண்ட சைக்கிள் மரை மூன்றாவது. மின்சாரப் பாகங்களில் வரும் சிறிய பி.ஏ. மரை நான்காவது. 1960களின் இறுதியிலிருந்து அமெரிக்க முறை மரைகள் வேறு வந்து கலந்துவிட்டன.

சிக்கல் எங்கே என்றால், இவை ஒன்றைப் போல ஒன்று இருக்கின்றன. கால் அங்குல நுண்மரைக்கும் அங்குலத்துக்கு 26 வரி. கால் அங்குல சைக்கிள் மரைக்கும் 26 வரி. கோணம் மட்டும் வேறு. கால் அங்குல விட்வொர்த்துக்கும் அமெரிக்கப் பருமரைக்கும் ஒரே 20 வரிதான். கையால் திருகும்போது இறங்கிவிடும். ஸ்பேனர் போட்டு இறுக்கும்போது ஓர விளிம்பில் மட்டும் பிடித்து, வண்டி அதிர அதிர விட்டுவிடும்.

எங்கள் கடையில் நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய பிரிட்டிஷ் வண்டி வைத்திருந்த பெரியவர் ஒருவர் எஞ்சின் மூடிக்குக் கால் அங்குல ஸ்குரூ கேட்டார். பையன் 6 மில்லிமீட்டர் ஸ்குரூ எடுத்துக் கொடுத்தான். கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீட்டர். 6 மில்லிமீட்டர் ஸ்குரூ அந்தத் துளையில் சற்று ஆட்டத்தோடு இறங்கிவிடும். சரியாக இருக்கிறது என்றே அவரும் மாட்டிக்கொண்டு போனார். சில நாளில் ஸ்குரூ தளர்ந்து மூடி வழியாக ஆயில் கசிந்து பின் டயரில் இறங்கியிருக்கிறது. வளைவில் வண்டி வழுக்கி, மயிரிழையில் தப்பினார். அவர் சத்தம் போடவில்லை. "தம்பி, தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் வேறு கடைக்குப் போயிருப்பேனே" என்று மட்டும் கேட்டார். மரை அரிந்துபோன துளையைச் சரிசெய்த செலவை நாங்கள் கொடுத்தோம். இரண்டு ரூபாய் சரக்குக்கு வந்த கணக்கு அது. அன்றே மரை அளவி ஒன்று வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டோம். 55 பாகைக்கு ஒன்று, 60 பாகைக்கு ஒன்று, மில்லிமீட்டருக்கு ஒன்று என்று மூன்று கொத்தும் வேண்டும்.

ஸ்பேனர் விற்போருக்கு ஒரு குறிப்பு. விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பது வாயின் அகலம் அல்ல, அது பொருந்தும் போல்ட்டின் தடிமன். கால் அங்குலம் என்று எழுதிய ஸ்பேனரின் வாய் அரை அங்குலத்துக்கும் சற்று அதிகமாக இருக்கும். இது தெரியாமல் "அளவு தப்பு" என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு.

வேகம் கூட்டும் பாகங்கள்

பழைய வண்டியைப் பழையபடி ஓட்டுவோர் ஒரு ரகம். அதன் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் இன்னொரு ரகம். இரண்டாம் ரகத்தார் கேட்பவை: அழுத்தம் கூடிய பிஸ்டன், வேறு கேம் ஷாப்ட், இரட்டைக் கார்புரேட்டர், 650 எஞ்சினை 750 ஆக்கும் சிலிண்டர் செட். லாபம் அதிகம் உள்ள சரக்கு இதுதான். பொறுப்பு அதிகம் உள்ளதும் இதுதான்.

1959ல் வந்த போனவில் 46 குதிரைச் சக்தி கொண்டது. அதன் அழுத்த விகிதம் 8.5க்கு 1. அந்த நாளில் அதன் முன் பிரேக் பழைய ஒற்றை முன்னணி ஷூ வகை. இரட்டை முன்னணி ஷூ 1968 மாடலில்தான் வந்தது. அதாவது ஆலையே வேகத்தைக் கொடுத்து ஒன்பது ஆண்டு கழித்துத்தான் அதற்கேற்ற பிரேக்கைக் கொடுத்தது. அந்தப் பழைய பிரேக்கோடு இன்னும் வேகம் கூட்டக் கேட்பவருக்கு முதலில் பிரேக்கைக் காட்டுவது கடைக்காரர் கடமை.

அடுத்தது எஞ்சினின் அடிப்பகுதி. டிரையம்ப், பி.எஸ்.ஏ. இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் கிராங்க் ஷாப்ட்டின் உள்ளே கசடு தங்கும் குழாய் ஒன்று உண்டு. ஆயிலில் உள்ள அழுக்கெல்லாம் அங்கே போய் அடைந்து, இறுகிக் களிமண் போலாகும். அதைத் துப்புரவு செய்யாமல் புது பேரிங் போட்டால் ஆயில் வராமல் அந்தப் புது பேரிங்கும் தீய்ந்துபோகும். "பேரிங் மட்டம்" என்று பழி நம்மீது விழும். எனவே பிக் எண்ட் பேரிங் கேட்பவரிடம் "குழாய் திறந்து சுத்தம் செய்தாரா மெக்கானிக்?" என்று கேளுங்கள். அந்தக் குழாயை அடைக்கும் மூடி ஸ்குரூவையும் கூடவே எடுத்து வையுங்கள். பழையதைக் கழற்றும்போது அது கெடுவது வழக்கம் என்பதால் வாடிக்கையாளருக்கும் அலைச்சல் மிச்சம்.

மின்சாரத்தில் ஒரு எச்சரிக்கை. இவ்வண்டிகளில் பெரும்பாலானவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் இணைந்திருக்கும். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ் முனை. எலக்ட்ரானிக் இக்னிஷன், ரெகுலேட்டர் விற்கும்போது இதைச் சொல்லாமல் விற்றால் மாட்டிய நொடியில் பொருள் எரியும்.

எது பணம், எது பாரம்

பழைய கடை ஒன்றின் இருப்பு விலைக்கு வந்தால் ஆசை வருவது இயல்பு. ஆனால் எல்லாச் சரக்கும் ஒரே மாதிரி மூப்படைவதில்லை.

கியர், கேம் ஷாப்ட், கிராங்க் பின், நட்டு போல்ட் போன்ற எஃகுச் சரக்கு, கிரீஸ் தடவி உலர்ந்த இடத்தில் இருந்தால் ஐம்பது ஆண்டு ஆனாலும் பணம்தான். ஆயில் சீல், ரப்பர் டயாப்ரம், டயர், டியூப் ஆகியவை பெட்டி பிரிக்காமல் இருந்தாலும் இறுகிப்போயிருக்கும். அவற்றைப் புதுச் சரக்கு என்று விற்கக்கூடாது. பழைய பிரேக் ஷூவிலும் கேஸ்கட்டிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். பிரிட்டனில் 1999ல் ஆஸ்பெஸ்டாஸ் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. அந்தச் சரக்கை அங்கே விற்பது குற்றம். விலை பேசும்போதே இவற்றைக் கழித்துவிட வேண்டும்.

பெட்ரோலும் மாறிவிட்டது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய மிதவையையும் ரப்பர் குழாயையும் பைபர் டாங்க்கையும் அரிக்கிறது. பிரிட்டனில் 2021 முதல் சாதாரண பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. இங்கும் கலப்பு அளவு கூடியிருக்கிறது. எனவே மிதவை, வாஷர், பெட்ரோல் குழாய் ஆகியவற்றில் பழைய சரக்கைவிடப் புதிய பொருளில் செய்ததே நல்லது. அரிய சரக்கு என்பதற்காக உதவாத சரக்கை விற்பது வியாபாரம் ஆகாது.

நமக்குள்ள தொடர்பு

இந்தக் கதையில் சென்னைக்கு ஒரு சிறப்பிடம் உண்டு. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ரெடிச் கம்பெனியும் சேர்ந்து என்பீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் புல்லட் உருவானது. ரெடிச் ஆலை மூடிய பிறகும் நம் ஆலை நிற்கவில்லை. 1977ல் பிரிட்டனுக்கே புல்லட் ஏற்றுமதி தொடங்கியது. இதனால் 1950களின் ரெடிச் புல்லட் வைத்திருக்கும் ஆங்கிலேயர் ஒருவருக்கு, பல பாகங்கள் சென்னைச் சரக்காகவே பொருந்துகின்றன. எல்லாமே பொருந்தும் என்று சொல்லிவிடக்கூடாது. இடையில் மின்சார அமைப்பும் சில மரைகளும் மாறியிருக்கின்றன. நம் கடைகளில் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டின் சரக்கு தேங்கியிருந்தால் அதை எடைக்குப் போடுமுன் ஒருமுறை எண் பார்த்துப் பட்டியலிடுவது நல்லது.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. வண்டியின் எஞ்சின் எண், பிரேம் எண், பழைய பாகத்தில் பொறித்த எண் மூன்றையும் பில் புத்தகத்தில் குறிக்கவும். முடிந்தால் பழைய பாகத்தையே கொண்டுவரச் சொல்லவும்.

2. பழைய சரக்கு, உரிமம் பெற்றது, மாதிரிச் சரக்கு, கழற்றியது என்று நான்கு வகையையும் பில்லில் எழுதிக் கொடுக்கவும்.

3. மரையை அளவி வைத்துப் பார்க்காமல் பிரேக், ஸ்டியரிங், சக்கரம் சம்பந்தமான போல்ட் எதையும் விற்க வேண்டாம்.

4. பழைய பாகப் பட்டியல் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரருக்குப் போட வேண்டாம். சரக்கு தீர்ந்த பிறகும் கடைக்கு ஆள் வருவது அந்தப் புத்தகத்தால்தான்.

5. தெரியாத பாகத்தைத் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்று சொல்லப் பையன்களைப் பழக்கவும்.

ஆலைக்காரர் விட்டுப்போன வண்டியை ஓட வைத்திருப்பது இந்தச் சின்ன வியாபாரிகள்தான். அவர்களிடம் பெரிய முதல் இல்லை. எண் தெரிந்திருந்தது, புத்தகத்தைக் காத்தார்கள், எந்தச் சரக்கு என்று சொல்லி விற்றார்கள். நம் கடை அலமாரியிலும் என்ன இருக்கிறது என்று எண் பார்த்து எழுதிவைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.